விசிட்டிங் சேர்

விரிவுரையாளர் என்பது ஒரு தொழில். வருகைதரு விரிவுரையாளர் என்பது அந்தத் தொழிலின் வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பது.

மாத்தளையில் கணக்கியல், வணிகம், சுற்றுலா என்று டிப்ளோமா நடத்துகிற ஓர் அரச நிறுவனத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். காகிதத்தில் என் பதவி 'வருகைதரு விரிவுரையாளர்'. எல்லோர் வாயிலும் 'விசிட்டிங்'. பெயரைக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர் என்று தோன்றும். நான் இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன், அதுவும் பெரும்பாலும் மிதிபலகையிலிருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது நியமனம். வகுப்பு நடந்தால் சம்பளம். போயா விடுமுறை வந்தால், மண்சரிவு வந்தால், மாணவர்கள் கிரிக்கெட் போட்டி வைத்தால் சம்பளம் இல்லை.

இதே நிலையில் இருக்கிற, இருந்த, இனி இருக்கப்போகிற தோழர்களே, தோழியரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நிரந்தரமானவர்களும் வாசிக்கலாம், அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. என் ஆசை ஒன்றும் பெரிதல்ல. பேராசிரியர் ஆக வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இதே கட்டடத்தில், இதே வகுப்புக்கு, நிரந்தரமானவன் என்ற பெயரோடு உள்ளே நுழைய வேண்டும். அவ்வளவுதான்.

கதிரை

முதல் நாள் விரிவுரையாளர் அறைக்குள் போனேன். யன்னலோரம் ஒரு கதிரை காலியாக இருந்தது. நல்ல கதிரை, சுழலும். உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டேன். அப்போதுதான் ஃபலீல் நானா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். காரியாலய உதவியாளர். பணிப்பாளர்கள் வருவார்கள், போவார்கள். ஃபலீல் நானா மட்டும் அங்கேயே இருப்பார். அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார், என் முன்னால் மட்டும் வைக்கவில்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அந்தக் கதிரை ஒரு நிரந்தர விரிவுரையாளருடையது, அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்று விளக்கினார். எப்போது வருவார் என்று கேட்டேன். மூன்று நாலு வருஷம் ஆகலாம் என்றார். அதுவரை நான் இதில் உட்கார்ந்தால் என்ன என்று நியாயமாகத்தான் கேட்டேன். ஃபலீல் நானா என் அறியாமைக்காக மிகவும் வருந்தினார்.

"அவருதான் லீவுல ஈக்கிறாரு சேர். கதிர லீவுல இல்ல."

சிவப்பு

கதிரை இல்லாதவனுக்கு மேசையும் இல்லை. ஆகவே மாணவர்களின் கட்டுரைகளை நான் இரத்தோட்டை பஸ்ஸில் திருத்தினேன். அந்தப் பாதையின் வளைவுகள் தெரிந்தவர்களுக்கு, என் மாணவர்கள் சிலருக்கு ஏன் 'சரி' அடையாளம் ஒரு முழம் நீளத்துக்கு விழுந்திருந்தது என்பது விளங்கும்.

ஒரு நாள் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மாத்தளைக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறவர், மடியில் கருவாட்டுப் பொதி. முதலில் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு என் பேனாவைப் பார்த்தார். நான் ஒரு சொல்லை வெட்டும்போதெல்லாம் 'ச்சொ' என்று உச்சுக் கொட்டினார். பக்கம் முடிவதற்குள் அது எனக்குத் தாங்கவில்லை. ஒழுங்காகப் படிக்காத பிள்ளை அக்கா, நான் என்ன செய்ய என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை.

"இம்புட்டுச் செவப்பு ஆவாது தம்பி. பெத்தவ பாத்தா மனசு ஒடஞ்சிருவா. கொஞ்சம் கொறச்சு அடிங்க."

அரைப்பேர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பெண் பார்க்கப் போனேன். ராணி, இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அரச நியமனம், நிரந்தரம். அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற கங்காணி. கொழுந்து மலையில் ஆட்களை வேலை வாங்கியே பழகியவர், நிற்கிற தோரணையிலேயே ஆளை எடைபோட்டுவிடுவார். தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. பிறகு கேள்வி வந்தது.

"வேல பேமனன்ட்டா தம்பி?"

பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல நான். ஆனால் ராணி கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் உண்மையைச் சொன்னேன். வகுப்பு நடந்தால் சம்பளம், நடக்காவிட்டால் இல்லை. தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' விழும். மழை கொட்டி வேலை பாதியில் நின்றால் 'அரைப்பேர்'. அந்தப் பெரியவருக்கு உலகத்து வேலை எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான். "அப்ப புள்ளைங்க வராட்டி ஒங்களுக்கு அரப்பேரா?" என்றார். அரையும் இல்லை என்றேன். "நீங்க போய் நின்னாலுமா?" நின்றாலும்தான் என்றேன். அவர் வடைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ராணியை எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது, வடையையும்தான்.

அவர் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். மகளின் முகத்தில் என்ன கண்டாரோ, தட்டு மறுபடியும் என் பக்கம் வந்தது.

"எடுங்க மாப்ள. எம் மகளுக்கு முழுப்பேரு விழுது. ஒங்களுக்கு விழுற அன்னக்கி விழட்டும்."

பலமு

எங்கள் பணிப்பாளர் தங்கமான மனிதர். அவரோடு பேச்சு எல்லாம் சிங்களத்தில்தான். 'சேர், நிரந்தர நியமனம் ஏதாவது…' என்று நான் வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு 'பலமு' என்பார். சிங்களத்தில் 'பார்ப்போம்' என்று பொருள். காரியாலயத்தில் சொல்லப்படும்போது அதற்கு வேறு பொருள் உண்டு என்பது மாத்தளையில் ஒரு கையெழுத்துக்காக நடந்து பார்த்த எவருக்கும் தெரியும்.

ஒரு நாள் மாமனார் தோட்டத்திலிருந்து போன் பண்ணினார். மலைக்கு மேலே லைன் எப்போதும் பாதிதான் கேட்கும். "டிரெக்டர கண்டீங்களா மாப்ள? என்ன சொன்னாரு?" என்று கத்தினார். நானும் கத்தினேன், "பலமுன்னாரு மாமா!" லைன் அறுந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனால், லயத்து வீட்டு வாசல்களில் நிற்கிறவர்கள் எல்லாம் கைகொடுக்கிறார்கள். கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. பூசாரி என் நட்சத்திரத்தோடு பதவியையும் சேர்த்துச் சொல்லி மணி அடித்தார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லையே மாமா என்று காதோடு சொன்னேன். அவர் என்னை ஏதோ நன்றி கெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டிரெக்டரு பலமாச் சொல்லிட்டாருன்னு நீங்கதானே மாப்ள சொன்னீங்க!"

விருந்தினர்

என்னைப்போல இன்னொரு விசிட்டிங், நௌஷாட் சேர். பலாபத்வலயிலிருந்து வந்து கணினி படிப்பித்தார், எனக்கு மூத்தவர். ஒரு முறை பரிசளிப்பு விழாவில் மேடை ஒழுங்குகளைப் புதிதாய் வந்த ஒரு மாணவர் குழு கவனித்தது. அவர்கள் கையில் இருந்த பட்டியலில் 'விசிட்டிங்' என்று எங்கள் இருவர் பெயரும் இருந்திருக்கிறது. விருந்தாளிகள் போலும் என்று நினைத்துவிட்டார்கள். வாசலில் வெற்றிலை தந்து, நடனக்காரர்களுக்குப் பின்னால் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட கதிரைகளில் உட்கார வைத்துவிட்டார்கள். நிரந்தரமானவர்கள் எல்லாம் எங்களுக்குப் பின்னால். தினமும் பார்க்கிற முகங்கள். நான் எழும்பப் பார்த்தேன். நௌஷாட் சேர் வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"எழும்பாதீங்க தம்பி. இன்னக்கித்தான் எங்கட பேருக்கு ஏத்த மரியாத கெடச்சிரிக்கி."

இரண்டு நிகழ்காலம்

ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு இரண்டு முகம். நிலையான காரியத்துக்கு ஒன்று, தற்காலிகமானதற்கு இன்னொன்று. 'ஐ வர்க் இன் எ பேங்க்' என்றால் வங்கியில் நிலையான வேலை. 'ஐ ஆம் வர்க்கிங் இன் எ பேங்க்' என்றால் இப்போதைக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு என்னவோ. ஒவ்வொரு வருஷமும் நான் இதை உற்சாகமாகப் படிப்பிப்பேன். கரும்பலகையைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் நிரந்தரம், அந்தப் பக்கம் தற்காலிகம் என்று தலைப்பும் எழுதுவேன். எனக்கே அது என்னைப் பற்றிய பாடம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் வகுப்பில் சுகந்தி என்று ஒரு பிள்ளை. முன்வரிசை, எதையும் முழுசாக விளங்கிக்கொள்ளாமல் விடாத பிள்ளை. கையை உயர்த்தினாள். "சேர், நம்ம சேரப் பத்தி எழுதச் சொன்னா, 'ஹீ டீச்சஸ் அஸ்'னு எழுதுறதா, 'ஹீ இஸ் டீச்சிங் அஸ்'னு எழுதுறதா?" அதில் குறும்பு எதுவும் இல்லை. அடுத்த வாரம் பரீட்சை, அவளுக்குச் சரியான விடை வேண்டும். மனசு சுருக்கென்றது என்று சொன்னால் போதாது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் இலக்கணம் இலக்கணம்தானே. 'ஹீ இஸ் டீச்சிங்' என்பதுதான் சரி என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது, மிகவும் இரக்கத்தோடு.

"பரவால்ல சேர். நான் ரெண்டையுமே பாடமாக்கி வச்சுக்கிறேன்."

வருகை வேறு

ஒருவழியாக வெற்றிடம் அறிவித்தார்கள். நேர்முகத் தேர்வு கொழும்பில். நௌஷாட் சேர் வயது எல்லையைத் தாண்டிவிட்டதால் விண்ணப்பிக்கவில்லை. தன்னுடைய கழுத்துப்பட்டியை மட்டும் எனக்குத் தந்து அனுப்பினார். ராணி முதல் நாள் இரவே சட்டையை இரண்டு தரம் அயன் பண்ணினாள். அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் தமிழர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர்.

அனுபவம் எவ்வளவு என்று கேட்டார். ஏழு வருஷம் என்றேன். எங்கே? ஒரே நிறுவனம் மேடம், ஒரே வகுப்பறை, மின்விசிறி மட்டும் ஒரு முறை மாறியது என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. என் சான்றிதழை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். வருகைதரு விரிவுரையாளராக வேலை செய்த காலம் சேவைக்காலத்தில் சேராதாம். அப்படியானால் அந்த ஏழு வருஷமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் மேடம் என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாலும் கேட்டது கேட்டதுதான். அவர் கோபப்படவில்லை, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பதில் சொன்னார்.

"நீங்கள் சொல்றது வருகை. நாங்கள் கேட்கிறது அனுபவம்."

வாழ்த்து

போன வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மையார் நல்ல மதிப்பெண்தான் போட்டிருக்கிறார், மகராசி. ஒரு காலையில் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை, 'பலமு' சொல்லவில்லை. கதிரையை விட்டு எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். நிரந்தரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. 'போஹோம ஸ்துதி சேர்' என்று நன்றியை மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். ஃபலீல் நானாவைக் கட்டிப்பிடித்தேன், தேத்தண்ணி அவர் சட்டையில் கொட்டியது. ராணிக்குப் போன் பண்ணினேன். அவள் பாடத்தின் நடுவில் இருந்தாள், வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கை தட்டுவது போனில் கேட்டது. மாமனாருக்குப் போன் பண்ணினேன். அன்றைக்கு மட்டும் லைன் மிகத் தெளிவு.

அப்போது பணிப்பாளர் வாசலுக்கு வந்து, நான் இன்னும் பேசி முடிக்கவில்லையே என்றார்.

நியமனம் மாத்தளைக்கு அல்ல. கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கும் அப்பால் இருக்கிற கிளைக்கு. புதிதாய் நிரந்தரமானவர்கள் முதலில் தூர இடத்துக்குப் போக வேண்டும், அது விதி. அடுத்த மாதமே அங்கே பொறுப்பேற்க வேண்டும். நான் மன்றாடினேன். இந்த வகுப்பு எனக்குத் தெரியும், இந்தப் பிள்ளைகளைத் தெரியும், ஏழு வருஷம் இங்கேதான் இருந்தேன், இன்னும் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேனே என்றேன். என் பாடங்களுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். ஒரு விசிட்டிங்கைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான், குரலில் தெரிந்தது. சிங்களத்தில் அவர் சொன்னது அப்படியே இது:

"விசிட்டிங் ஆட்கள் இங்கே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். நிரந்தரமானவர்கள்தான் போக வேண்டும்."

ராணி சொன்னது

வீட்டுக்கு வந்தேன். மாமனார் மலையிலிருந்து இறங்கி வந்து லட்டுப் பெட்டியோடு பக்கத்து வீடுகளுக்குப் போயிருந்தார். 'முழுப்பேரு விழுந்துருச்சி, முழுப்பேரு விழுந்துருச்சி' என்ற அவர் குரல் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ராணி குசினியில் பால்சோற்றுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நின்றபடியே சொன்னேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. அவளுடைய பாடசாலை இங்கே, மலைக்கு மேலே. அங்கே அவளை விட்டால் கணிதத்துக்கு ஆள் இல்லை, இடமாற்றம் கேட்டாலும் கிடைக்காது. எங்கள் நாலு வயது மகளுக்கு வருகிற தவணையில் இங்கேதான் பாலர் வகுப்பு. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாத்தளையிலேயே இருக்கலாம், ஆனால் ஆயுசுக்கும் விசிட்டிங்தான். இன்னொரு நேர்முகத் தேர்வுக்கு எனக்கும் வயது எல்லை தாண்டிவிடும். "வேணாம்னு எழுதிக் குடுத்துறவா ராணி?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினேனோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன்.

வெள்ளைத் துருவல் முடிந்து சிரட்டையின் பழுப்பும் தட்டில் விழத் தொடங்கியது. அப்போதுதான் அவள் கையை எடுத்தாள். முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை.

"போங்க. இத்தன வருஷமா காலேஜுக்கு விசிட்டிங்கும் வீட்டுக்கு பேமனன்ட்டுமா இருந்தீங்க. இனி அத மாத்திக்கிருங்க. ஆனா ஒண்ணு, வருகப் பதிவ நாந்தான் எடுப்பேன்."

ஆகவே, நியமனத்துக்காகக் காத்திருக்கும் என் இனத்தவரே, 'நீங்கள் இப்போது நிரந்தரம்' என்று யாராவது கையைப் பிடித்துக் குலுக்கினால், வெளியே ஓடுவதற்கு முன் 'எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.